பெரிய தாத்தாவுக்குச் சீனி போடுவதா?

தீபாவளிக்கு முதல் நாள் இரவு எங்கள் வீட்டில் படையல் போடுவோம். இலங்கை மலையகத்தில் அநேக வீடுகளில் இருக்கிற பழக்கம்தான். செத்துப்போனவர்கள் அன்றைக்கு வந்து சாப்பிட்டுப் போவார்கள் என்று நம்பிக்கை. அதனால் யாருக்கு எது பிடிக்குமோ அதை வைக்க வேண்டும். தாத்தாவுக்குச் சுருட்டும் கால் போத்தல் சாராயமும். அப்பாயிக்கு வெற்றிலை, பொயிலை, அவித்த மரவள்ளிக்கிழங்கு. பதினாறு வயதில் மஞ்சட்காமாலையில் போன அத்தைக்கு ஒரு சோடி கண்ணாடி வளையல். இலையின் ஓரத்தில், மற்றவர்களை விட்டுக் கொஞ்சம் தள்ளி, எனாமல் கோப்பையில் சாயத்தண்ணியும் (பால் ஊற்றாத தேத்தண்ணி) இரண்டு கிறீம் கிறேக்கர் பிஸ்கட்டும் இருக்கும். அது பெரிய தாத்தாவுக்கு.

பெரிய தாத்தா என்றால் தாத்தாவின் அண்ணன். பட்டாளத்துக்குப் போய், கடல் கடந்து, அங்கேயே செத்தவர். அவருக்கு என்ன பிடிக்கும் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அப்பாயி வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே அவர் போய்விட்டார். தாத்தாவுக்கு ஞாபகமிருந்ததெல்லாம் அண்ணன் நன்றாக விசில் அடிப்பார் என்பது ஒன்றுதான். விசிலை இலையில் வைக்க முடியாதே. கடைசியில் அப்பாயிதான் வழக்கைத் தீர்த்துவைத்தார். "பட்டாளத்துல பிஸ்கட்டுதான குடுப்பாங்க. அதையே வையி." அன்றிலிருந்து பிஸ்கட்.

நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம் டிக்கோயாப் பக்கம். தாத்தா காலத்தில் விடியுமுன்னே தப்பு மேளம் அடிப்பார்கள். ஆட்கள் பெரட்டுக்களத்தில் கூட வேண்டும். பெரட்டு என்பதே 'பரேட்' என்ற சொல் திரிந்து வந்தது என்பார்கள். தோட்டத்தில் பிறந்தவன் பட்டாளத்தில் போய்ப் புதிதாகப் பழக என்ன இருக்கிறது என்று தாத்தா கேட்பார். வரிசையில் நில், பேர் கூப்பிட்டால் குரல் கொடு, சொன்ன மலைக்குப் போ. அவ்வளவுதானே.

ஒரு நாள் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டதற்காக அண்ணன் அந்தக் களத்திலேயே கங்காணியோடு சண்டை பிடித்திருக்கிறார். அன்று இரவே தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுப் போனவர், கண்டியில் லொறி கிளீனராக இருப்பதாகக் கொஞ்ச காலம் கேள்வி. அப்புறம் 1941 வாக்கில் பயனியர் படையில் சேர்ந்துவிட்டார். பயனியர் என்றால் முன்னணியில் நின்று சுடுகிற படை இல்லை. ரோடு போடுவது, கப்பலில் சாமான் இறக்குவது, குழி வெட்டுவது, கூடாரம் அடிப்பது. சண்டைக்காரர்களுக்கு வேலைக்காரர்கள். இலங்கையிலிருந்து போன பயனியர்கள் மத்திய கிழக்கில் வேலை செய்தார்கள். பெரிய தாத்தா போனது எகிப்துப் பக்கம். கங்காணிக்கு மண்வெட்டி பிடிக்க மாட்டேன் என்று போனவர் கடைசியில் ராஜாவுக்கு மண்வெட்டி பிடித்தார் என்று தாத்தா சிரிப்பார்.

இரண்டு கடிதம் வந்ததாம். கிளாக்கரையா படித்துச் சொல்லியிருக்கிறார். இங்கே மண்ணெல்லாம் மணல், மழையே இல்லை, கம்பளியைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போன நாள் நினைவுக்கு வருகிறது என்று இரண்டாவதில் இருந்ததாம். பிறகு 1943இல் டைப் அடித்த ஒரு கடுதாசி. அதைக் கிளாக்கரையா எடுத்தவுடன் படிக்கவில்லை. ஆளனுப்பித் தாத்தாவின் அப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டு, முதலில் உட்காரச் சொல்லியிருக்கிறார். தோட்டத்து ஆபீசில் ஒரு தொழிலாளியை உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான் என்பார் தாத்தா. பின்னால் எத்தனையோ முறை இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் சாவை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு, அந்த நாற்காலிக்கு வந்துவிடுவார். மரத்தில் செய்தது, பிரம்பு பின்னியது, ஒரு கால் ஆடும். தாத்தாவின் அப்பா அதன் நுனியில் உட்கார்ந்தார், முழுசாக உட்காரவில்லை.

அந்த வருடங்களில் போர் மலைக்கும் வந்துதான் இருந்தது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில். பர்மா விழுந்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது, கோதுமை மா லயத்துக்குள் நுழைந்தது. இன்றைக்கு ரொட்டி இல்லாமல் எங்கள் ஆட்களுக்குப் பொழுது விடியாது. மலாயாவும் கைவிட்டுப் போனபின் நேசநாடுகளுக்கு றப்பர் என்றால் பெரும்பாலும் இலங்கைதான். 1944இல் நேசநாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளையகத்தின் தலைமையகத்தையே தளபதி மவுண்ட்பேட்டன் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்துவிட்டார். றப்பர்ப் பால் வெட்டியும் தேயிலைக் கொழுந்து பறித்தும் அந்தப் போரை நடத்திவைத்தவர்களுக்கு மெடல் கேட்கவில்லை. ஆனாலும் கணக்கில் ஒரு வரி வந்திருக்கலாம்.

சின்ன வயதில் எங்கள் பக்கத்துத் துரைக்கோயிலுக்கு வேடிக்கை பார்க்கப் போவோம். ஆங்கிலேயத் தோட்டத்துரைமார் கட்டிய கல்லுத் தேவாலயம். உள்ளே சுவரில் பித்தளைத் தகடு, அதில் முதலாம் உலகப் போரில் செத்த துரைகளின் பெயர்கள். அந்தக் கோயிலைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் லயத்து மாமா ஒருவர். சனிக்கிழமைகளில் பித்தளை மினுக்கும் பிராசோ போட்டுத் தேய்ப்பார். தேய்க்கிறபோது அவர் முகம் அந்தப் பெயர்களுக்கு நடுவில் மஞ்சளாகத் தெரியும். அதில் என்ன எழுதியிருக்கிறது மாமா என்று கேட்டால், "செத்த தொரைமாரு. வாசிக்கத் தெரியாது, ஆனா எத்தன பேருன்னு தெரியும்" என்பார். விரல் பட்டுப் பட்டு எண்ணிக்கை பழகியிருந்தது.

அந்தத் துரைமாருக்கென்றே ஒரு படை இருந்தது. சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர், 1900இல் தொடங்கியது, தலைமையகம் கண்டி. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் மட்டும் சேரலாம். 1914 ஒக்டோபரில் 8 அதிகாரிகளும் 229 வீரர்களுமாகக் கொழும்பில் கப்பலேறி எகிப்து போனார்கள். முதலில் சுயஸ் கால்வாய்க் காவல். பிறகு அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு துருக்கியின் கலிப்போலி. அங்கே தளபதி பேர்ட்வுட்டின் மெய்க்காவலுக்கு நின்றவர்கள் இவர்கள்தான். படையில் இருந்தவர்களில் 80 பேர் அந்தப் போரில் செத்ததாகக் கணக்கு. இலங்கையில் பிறந்த பேசில் ஹோர்ஸ்போல் என்பவரும் றப்பர் தோட்டத்தில் இருந்தவர். 1918 மார்ச்சில் பிரான்சில் செத்து, பிரித்தானியாவின் ஆக உயர்ந்த வீர விருதான விக்டோரியா குறோஸ் பெற்றார். உடல் கிடைக்கவில்லை, அராஸ் நினைவுச்சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கிறது.

இளவட்டமாக இருந்தபோது இந்தத் தகடுகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஆட்களை ஏய்த்தவர்களுக்குப் பித்தளையா என்று. இப்போது அந்தக் கோபம் இல்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுச் சின்னத்துரை, வந்து தேயிலைச் செடியை வெட்டிவிடும் ஒரு கவ்வாத்துச் சுற்றுக்கூட முடியவில்லை, துருக்கிக் கடற்கரையில் போய் விழுந்திருக்கிறான். அவன் பெயர் சுவரில் இருப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெரிய தாத்தா பெயரை எழுத அந்தச் சுவரில் இடம் நிறையவே இருந்தது என்பது மட்டும்தான்.

போரில் செத்தவனைவிடத் திரும்பி வந்தவன் பாடு இன்னும் மோசம் என்பதற்கு இந்த நாட்டிலேயே கதை உண்டு. முதலாம் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் 11 வந்தால் அந்தக் காலத்தில் படைவீரர் நிதிக்காகப் பொப்பிப் பூ விற்பார்கள். வசூலில் பெரும் பங்கு பிரித்தானிய முன்னாள் படைவீரர்களுக்குப் போகும், இலங்கைக்காரனுக்குக் கொசுறு. இதைப் பொறுக்காமல் முன்னாள் படைவீரர் ஏலியன் பெரேரா 1931இல் அதே நாளில் சூரிய மல் விற்கத் தொடங்கினார். சூரிய மல் என்றால் நம்முடைய பூவரசம் பூ. 1933 முதல் டொரீன் விக்கிரமசிங்க போன்ற இடதுசாரிகள் கையில் எடுத்து அதைப் பேரரசுக்கு எதிரான இயக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். 1934, 35இல் மலேரியா ஊரைக் கொன்றபோது மருந்தும் அரிசியும் சுமந்து கிராமம் கிராமமாகப் போனவர்களும் அவர்கள்தான். பூவரசு எங்கள் குளிருக்கு வளராது. அதனால்தானோ என்னவோ இந்தக் கதை லயங்களுக்கு வந்து சேரவில்லை.

கண்டியில் வேலை கிடைத்துப் பத்து வருடம் கழித்துத்தான் அங்குள்ள போர் மயானத்துக்குப் போனேன். ஊர்ச் சந்தடியிலிருந்து அதிக தூரமில்லை, மகாவலிப் பக்கமாக இறங்கினால் வந்துவிடும். பக்கத்திலேயே இருப்பதை யார் போய்ப் பார்க்கிறார்கள்! பச்சைப் புல், ஓரமெல்லாம் கத்தரித்துவிட்டது போல. பெரிய சிலுவை ஒன்று. வரிசை வரிசையாகத் தாழ்வான கற்கள், நடுவில் பூச்செடிகள். ஏறக்குறைய 200 பேர் படுத்திருக்கிறார்கள். பாதிக்குமேல் பிரித்தானியர். இலங்கையர், இந்தியர், கிழக்கு ஆபிரிக்கர், கனடாக்காரர், ஒரு சில இத்தாலியர்கூட. கல்லில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு, தேதி. சிலவற்றில் வயது.

ஆபிரிக்கர் கற்களுக்கு முன்னால்தான் நெடுநேரம் நின்றேன். கிழக்கு ஆபிரிக்கப் படைகள் 1942, 43இல் இலங்கைக்கு வந்து, இங்கே காட்டுப் பயிற்சி எடுத்து, பர்மா போயின. கப்பலில் வரும்போதே மாண்டவர்களும் உண்டு. 1944 பெப்ரவரி 12இல், மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் என்ற கப்பலை மாலைதீவுப் பக்கம் ஜப்பானிய நீர்மூழ்கி அடித்தது. இரண்டு நிமிடத்துக்குள் மூழ்கியதாம். 1,297 பேர் போனார்கள், அதில் பாதிக்குமேல் கிழக்கு ஆபிரிக்கப் பீரங்கிப் படையினர். அவர்களுக்குக் கடல்தான் மயானம். கண்டியில் கல் கிடைத்தவன் அந்த வகையில் கொடுத்துவைத்தவன். அவன் ஊரிலும் ஏதோ ஒரு வீட்டில், இவனுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல் யாராவது முழித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

புல் வெட்டிக்கொண்டிருந்த ஆள் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். உங்கள் ஆள் யாராவது இங்கே இருக்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை ஐயா, எங்கள் ஆள் எகிப்தில் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அங்கேயும் என்னைப் போல ஒருத்தன் வெட்டிக்கொண்டிருப்பான்" என்று சொல்லிவிட்டு மெஷினைத் திரும்ப இழுத்தார்.

அன்று இரவே கணினியில் தேட உட்கார்ந்தேன். 1917இல் தொடங்கிய பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு இரண்டு உலகப் போரிலும் செத்த 17 இலட்சம் பேரின் விபரத்தை வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் பெயரைப் போட்டுத் தேடலாம். சரி, பெயரைப் போட்டேன். அங்கேதான் சிக்கல். பெரிய தாத்தாவுக்குக் குலசாமி பெயர். அந்தப் பெயர் தோட்டத்தில் வீட்டுக்கு ஒருவருக்கு இருந்தது. பட்டாளத்து எழுத்தர் அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாரோ! கடைசியில் வரும் 'சாமி'யை மட்டும் நான் ஐந்து விதமாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்துக்கூட்டுக்கும் ஆட்கள் வந்தார்கள். மதராஸ் மாகாணத்து ஆட்கள், பர்மாவில் செத்தவர்கள், இத்தாலியில் செத்தவர்கள். தகப்பன் பெயர் இருந்தால் ஊர் இல்லை, ஊர் இருந்தால் வருடம் பொருந்தவில்லை. படை எண் தெரிந்தால் ஒரு நிமிட வேலை. அந்த எண் இருந்த கடுதாசி எங்களிடம் இல்லை. அது எங்கே போனது என்பதற்கு வருகிறேன்.

அந்த ஆணைக்குழுவின் கொள்கை, பதவி, இனம், மதம் பாராமல் எல்லாருக்கும் ஒரே மாதிரி நினைவு என்பது. அழகான கொள்கை. 2021இல் அவர்களே ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டார்கள். முதலாம் உலகப் போரில் செத்த ஆபிரிக்கர், எகிப்தியர், இந்தியர் போன்றோரில் 45,000 முதல் 54,000 பேர்வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 116,000 பேர், ஒருவேளை 350,000 பேர்வரை, பெயரிட்டு நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். இதைப் படித்தபோது அந்த லயத்து மாமாதான் ஞாபகத்துக்கு வந்தார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் எண்ணிக்கையைச் சரியாக வைத்திருந்தவர்.

கடுதாசி விஷயம். 1948இல் சுதந்திரம் வந்த கையோடு பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அதன்படி, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் ஆட்களில் அநேகமாக யாரும் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை. 1949இல் இன்னொரு சட்டம் போட்டு, இத்தனை வருடம் தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபித்தால் தருகிறோம் என்றார்கள். 8 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. நிரூபிப்பது என்றால் எதை வைத்து? லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்றிதழே அபூர்வம்.

தாத்தா வீட்டில் அரசாங்க முத்திரை குத்தின தாள் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அண்ணன் செத்த கடுதாசி. அதைச் சட்டைக்குள் வைத்து, மேலே கோட்டு போட்டுக்கொண்டு விசாரணைக்குப் போயிருக்கிறார். தன் முறை வந்ததும் மேசையில் விரித்து வைத்தார். எங்கள் அண்ணன் இந்த நாட்டுப் பட்டாளத்தில் செத்தவர் ஐயா என்றார். அதிகாரி முழுதாகப் படித்தாராம். மரியாதையாகத்தான் பேசினாராம், தாத்தா அதைச் சொல்லாமல் விடமாட்டார். மொழிபெயர்ப்பாளர் திருப்பிச் சொன்னது இதுதான்: "இது ஒங்க அண்ணன் செத்ததுக்குச் சாட்சி. நீங்க இங்க இருந்ததுக்குச் சாட்சி எங்க?"

தாளை விண்ணப்பக் கோவையோடு சேர்த்துக் குத்திக்கொண்டார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தாள் திரும்பி வரவில்லை. நான்கைந்து முறை எழுதிக் கேட்டும் வரவில்லை. அண்ணனை இரண்டாம் தரம் அன்றைக்குத்தான் பறிகொடுத்தேன் என்று தாத்தா ஒரே ஒரு தடவை சொன்னார். அதுவும் சாராயம் உள்ளே போயிருந்த நாளில்.

1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 300,000 பேரை இலங்கை ஏற்கும், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு நாடும் தலைக்கணக்குப் பேசி முடித்தன. கடைசித் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, 1970களில் பிள்ளை குட்டியோடு ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேசுவரம் இறங்கி, கூடலூரில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துக்கே போய்ச் சேர்ந்தார். ஆக, ஒரு வயிற்றில் பிறந்த மூன்று பேரில் ஒருவர் எகிப்து மண்ணில் இலங்கைப் படைவீரர், ஒருவர் டிக்கோயாவில் நாடற்றவர், ஒருவர் நீலகிரியில் இந்தியர். செத்தவர் ஒருவரிடம்தான் யாரும் சாட்சி கேட்கவில்லை. எஞ்சியிருந்த எல்லாருக்கும் பிரசாவுரிமை என்று 2003இல் சட்டம் வந்தபோது தாத்தா இலையில் சுருட்டு வாங்குகிற இடத்துக்குப் போய்ச் சில வருடம் ஆகியிருந்தது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைத்திருந்தேன். இப்போது நாங்கள் கம்பளைப் பக்கம் குடியிருக்கிறோம். இரண்டு வீடு தள்ளி இருக்கும் சிங்கள அக்காவின் மகன் இராணுவத்தில் இருந்து விலகியவன். ரஷ்யாவில் பின்தளத்தில் வேலை, மாதம் இலட்சக்கணக்கில் சம்பளம் என்று ஒரு ஏஜென்ட் சொல்லக் கேட்டுப் போனான். கொண்டுபோய் நிறுத்தியது உக்ரைன் முன்னணியில். அப்படிப் போன 554 பேரில் 59 பேர் செத்துவிட்டதாக 2025 தொடக்கத்தில் வெளிநாட்டமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார். அந்த அக்காவுக்கு உடல் வரவில்லை, போனில் ஒரு செய்திதான் வந்தது. மூன்று மாதத் தானம் கொடுப்பதா வேண்டாமா என்று குழம்பிப்போய் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். உடல் இல்லாமல் தானம் கொடுத்தால், அவன் செத்தான் என்று நானே கையெழுத்துப் போட்டது மாதிரி ஆகிவிடாதா தம்பி என்றார். என்ன சொல்வது என்று தெரியாமல் பிஸ்கட் கதையைச் சொன்னேன். அழுதுகொண்டே சிரித்துவிட்டார். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். மாலுபாண் என்றார், உள்ளே மீன் வைத்த பணிஸ். தானத்தன்று வந்த தட்டுகளுக்கிடையே பேக்கரிப் பெட்டி ஒன்றும் இருந்தது.

இந்த முறை தீபாவளிக்கு முதல் நாள் மாலை கூடலூரிலிருந்து வாட்ஸ்அப் அழைப்பு. சின்னத் தாத்தாவின் பேத்தி. அவர்கள் வீட்டிலும் இந்தப் படையல் தவறாமல் நடக்கிறது. அப்பாயியின் பிஸ்கட் தீர்ப்பு கப்பலேறி அங்கேயும் போயிருக்கிறது, பார்லேயாக மாறியதைத் தவிர. போனைத் திருப்பி இலையைக் காட்டினாள். ஓரத்தில் எவர்சில்வர் டம்ளரில் ஆவி பறந்தது.

"அண்ணே, நாங்க இங்க பால் ஊத்தித்தான் குடிப்போம். அவருக்குன்னு தனியா சாயத்தண்ணி போட்டிருக்கேன். சீனி போடணுமா?"

தாத்தாவைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தேன். அம்மா நிமிராமலே சொன்னார்.

"கலக்க வேணாம்னு சொல்லு. அந்தக் காலத்துல உள்ளங்கையில வச்சு நக்கிக்கிட்டுத்தான் குடிப்பாங்க. பக்கத்துல ஒரு கரண்டி சீனி வைக்கச் சொல்லு. வேணும்னா எடுத்துக்குவாரு."